மூன்று கோட்டில் ஓர் ஆறு: டோக்கோ ஷினோடாவின் கண்காட்சியை முன்வைத்து

ஓடுகிற ஆற்றைக் குறிக்க ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்து இருக்கிறது. மேலிருந்து கீழாக மூன்று கோடுகள், அவ்வளவுதான். சீனத்திலிருந்து வந்த எழுத்து அது. எந்தக் கோட்டை முதலில் இழுப்பது, எது எங்கே வளைவது, எது எங்கே முடிவது என்பதற்கெல்லாம் விதி உண்டு. எழுத்தணி பயின்ற ஒரு பெண்ணுக்கு அந்த மூன்று கோடும் போதவில்லை. ஆற்றுக்கு ஏன் மூன்றுதான் இருக்க வேண்டும்? பத்துக் கோடு போட்டால் என்ன? ஒரே ஒரு நீண்ட கோடு போட்டால் என்ன? போட்டால் அது எழுத்து அல்ல, பிழை என்று சொல்வார்கள். அவர் போட்டார். டோக்கோ ஷினோடா என்ற ஓவியரின் கதையை அந்தக் கேள்வியிலிருந்துதான் சொல்ல வேண்டும். பின்னாளில் அவரே எழுத்தணியை விட்டு வெளியே வந்ததற்கு இந்த ஆற்றைத்தான் உதாரணமாகச் சொல்லி வந்தார்.

ஷினோடா 1913இல் பிறந்து 2021 மார்ச் 1ஆம் திகதி தனது 107ஆவது வயதில் காலமானார். அடுத்த ஆண்டு, 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரை, டோக்கியோ ஒபேரா சிட்டி கலைக்கூடத்தில் அவரது ஆக்கங்களை மட்டும் கொண்ட பெரிய கண்காட்சியொன்று நடைபெற்றது. இளமைக்கால எழுத்தணியிலிருந்து கடைசிக் கால அரூப ஓவியங்கள் வரை ஒரே இடத்தில் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அது. அப்போது டோக்கியோவில் இருந்தபடியால் எனக்குப் பார்க்கக் கிடைத்தது. ஜப்பானில் பழைய வாகனம் வாங்கி அனுப்பும் தொழில் செய்கிற ஊர்க்காரர் ஒருவரும் என்னோடு வந்தார். ஓவியம் பார்க்க என்று வந்தவரல்ல. இருவரும் பிறகு ஒன்றாக டோக்கியோ பள்ளிவாசலுக்குப் போவதாக இருந்தது, அதனால் வந்தார். ஆனால் இந்தக் கட்டுரைக்குத் தேவையான கேள்வியைக் கேட்டவர் அவர்தான்.

முகக்கவசம் போட்ட கூட்டம் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய தாளின் முன்னால் நண்பர் நின்றுவிட்டார். மேலிருந்து கீழாக ஒரு கை அகலத்துக்குக் கறுப்பு. அதன் ஓரம் தெளிவாக இல்லை, தூரிகை காய்ந்து மயிர் மயிராகப் பிரிந்திருந்தது. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, நூல் மாதிரி மூன்று நான்கு கோடுகள். ஒரு மூலையில் சாதிலிங்கச் சிவப்பில் சின்னதாய் ஒரு தீற்றல். மிச்சமெல்லாம் வெறுமை.

“என்ன மச்சான் இது, இதுல என்ன எழுதிக் கிடக்கு?” என்றார்.

“ஒண்டும் எழுதல்ல” என்றேன்.

“அப்ப என்னத்துக்கு எழுத்து மாதிரி இருக்கு?”

நவீன ஓவியத்தின் முன்னால் நம்மவர்கள் வழமையாகக் கேட்பது ‘என் பிள்ளை கீறியது போல இருக்கிறதே’ என்பதுதான். இது வேறு கேள்வி. எழுத்து இல்லை, ஆனால் எழுத்து மாதிரி இருக்கிறது. பார்க்கப் பழகாத கண்ணுக்கும் அது தெரிந்துவிட்டது. ஷினோடாவின் ஓவியம் நிற்கிற இடம் அதுதான்.

வேரில்லாத எழுத்து

ஷினோடா பிறந்தது ஜப்பானில் அல்ல, அன்று ஜப்பானின் பிடியிலிருந்த மஞ்சூரியாவின் தாலியன் நகரில். அவர் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் டோக்கியோவுக்கு வந்துவிட்டது. ஐந்தாறு வயதிலேயே தந்தை கையில் தூரிகையைக் கொடுத்து எழுத்தணி சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். ‘டோக்கோ’ என்பதுகூடத் தந்தை வைத்த கலைப்பெயர்தான். அன்றைய நல்ல குடும்பத்துப் பெண் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றில் எழுத்தணியும் ஒன்று. கலியாணத்துக்கு முன் ஒரு சீராகக் கற்பிக்கப்பட்டது அது. ஷினோடா கலியாணமே முடிக்கவில்லை. கற்பிக்கப்பட்ட சீரைத் தொழிலாக்கித் தன் காலில் நின்றார். 1930களில் எழுத்தணி ஆசிரியையாகத் தனியே வாழ்ந்தது அந்தக் காலத்துக்குச் சின்ன விடயமல்ல.

1940இல் டோக்கியோவின் கின்சா பகுதியில் அவரது முதல் தனிக் கண்காட்சி நடந்தது. மரபு தெரிந்தவர்கள் அதைப் பார்த்து, வேர் இல்லாத எழுத்து என்று ஒதுக்கினார்கள். எழுத்தணியில் வேர் என்பது, எந்த ஆசானின் கையிலிருந்து உன் கை வந்தது, எந்தப் பழைய ஏட்டைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினாய் என்பது. அந்தச் சங்கிலியைக் காட்ட முடியாத எழுத்து அழகாக இருந்தாலும் அநாதைதான். நமக்கு இது புதிய கதையல்ல. ஸனதும் இஜாஸாவும் கேட்கிற பண்பாடு நம்முடையது. இன்னாரிடம் ஓதினேன், அவர் இன்னாரிடம் ஓதினார் என்று சொல்ல முடியாதவனின் ஓதலை நாமும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்போம்.

போர் முடிந்த பிறகுதான் அவரது தூரிகை எழுத்தைத் தாண்டியது. அந்தக் காலத்தில் அவர் தனியாகவும் இருக்கவில்லை. ஜப்பானிய எழுத்தணிக்காரர்கள் பலர் அதே கேள்வியோடு இருந்தார்கள். மொரிட்டா ஷிர்யூ முதலானோர் 1952இல் ‘பொகுஜின்காய்’ என்ற குழுவை அமைத்தார்கள். பெல்ஜிய ஓவியர் பியர் அலெச்சின்ஸ்கி 1955இல் ஜப்பான் வந்து எழுத்தணிக் கலைஞர்களைப் படம்பிடித்தார். அதில் ஷினோடாவும் இருக்கிறார். 1954இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை நடத்திய ஜப்பானிய எழுத்தணிக் கண்காட்சியிலும் அவரது ஆக்கம் இருந்தது. ஆகவே ‘தனி ஒரு பெண் மரபை உடைத்தார்’ என்று எழுதப்படும் வீரக்கதையைக் கொஞ்சம் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். உடைப்பு ஒரு தலைமுறையின் வேலை. அந்தத் தலைமுறையில் மற்றவர்கள் குழுவாக நின்றபோது அவர் எந்தக் குழுவின் பெயரையும் சுமக்காமல் நின்றார் என்பதுதான் அவரது தனித்தன்மை.

வாசிக்கத் தெரியாத கண்கள்

1956இல் அவர் அமெரிக்கா போனார். கொஞ்ச நாளைக்கு என்று போனவர் 1958 வரை அங்கிருந்தார். அரூப வெளிப்பாட்டு ஓவியம் நியூயோர்க்கில் உச்சத்தில் இருந்த நேரம். பெரிய துணியில் கறுப்பை வீசி வரைந்த பிரான்ஸ் கிளைன் போன்றோரோடு அவரை ஒப்பிட்டு எழுதுவது அன்று முதல் வழக்கமாயிற்று. அமெரிக்கா அவருக்கு அரூபத்தைக் கற்றுக் கொடுத்தது என்று சிலரும், அவர் அமெரிக்காவுக்குக் கறுப்பைக் கற்றுக் கொடுத்தார் என்று சிலரும் எழுதுவார்கள். கண்காட்சியை முழுதாகப் பார்த்தபோது எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. போவதற்கு முன்பே அவர் கோடுகள் எழுத்தை விட்டிருந்தன. அங்கே அவருக்குக் கிடைத்தது வேறொன்று: அவரது எழுத்தை வாசிக்கத் தெரியாத பார்வையாளர்கள்.

ஜப்பானில் அவர் ஒரு கோடு இழுத்தால் பார்ப்பவர் அது எந்த எழுத்தின் எந்தப் பகுதி என்று தேடுவார். வாசிக்கத் தெரிந்தவனால் வாசிக்காமல் பார்க்க முடியாது. நியூயோர்க்கில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே கோடு வெறும் கோடு. கனம், வேகம், ஈரம், வெறுமை, இவைதான் கண்ணுக்குத் தெரிந்தன.

இந்த இடத்தில் நான் நம் குர்ஆன் மத்ரஸாவை நினைத்துக்கொண்டேன். அரபுமொழி தெரியாமலே அரபு எழுத்தோடு வளர்ந்தவர்கள் நாம். பொருள் விளங்குவதற்கு வெகுகாலம் முன்பே அலிஃபின் நிமிர்வும் நூனின் கிண்ணமும் நம் கண்ணுக்குள் வந்துவிட்டன. போதாதற்கு, திருமறையின் 114 அத்தியாயங்களில் 29 அத்தியாயங்கள் தனித்தனி எழுத்துகளோடு தொடங்குகின்றன. அவற்றின் பொருளை அல்லாஹ்வே அறிவான் என்று சொல்லி, ஆனாலும் ஓர் எழுத்தைக்கூட விடாமல் ஓதுகிறோம். பொருள் கைக்கு எட்டாத எழுத்தின் முன் மரியாதையோடு நிற்பது எப்படி என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்படியிருக்க, ‘ஒண்டும் எழுதல்ல’ என்று ஓர் ஓவியத்தைக் கடந்து போவதற்கு நமக்கு மற்றவர்களைவிட நியாயம் குறைவு.

இரண்டையும் ஒன்றாக்கிவிடவும் கூடாது. மறையின் எழுத்தில் பொருள் இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை. ஷினோடாவின் கோட்டில் மறைந்திருக்கும் பொருள் என்று ஒன்று கிடையாது. அவர் பொருளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கோட்டைப் போட்டார். நிற்கிற முறை ஒன்றுபோல இருக்கலாம், நிற்கிற வாசல் வேறு.

மையும் ஈரமும்

அமெரிக்காவை விட்டு அவர் திரும்பி வந்ததற்குச் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே காற்று வறட்சி, மை சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்றார். ஓவியம் தெரியாதவருக்கு இது சாட்டுப் போலப் படும். மையைத் தெரிந்தவருக்கு விளங்கும். ஜப்பானிய மை என்பது விளக்குப் புகைக்கரியையோ பைன் மரத்தின் புகைக்கரியையோ பசையோடு பிசைந்து கட்டியாக்கிக் காயவைத்தது. அந்தக் கட்டியைக் கல்லில் தண்ணீர் விட்டு இழைத்து எடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் இழைத்தோம், எவ்வளவு தண்ணீர், தாள் எவ்வளவு உறிஞ்சும், அன்றைக்கு வானம் எப்படி என்பதையெல்லாம் பொறுத்துக் கறுப்பு மாறும். ஈரமான காற்றில் மை தாளுக்குள் மெதுவாக இறங்கி ஓரத்தில் கசியும். வறண்ட காற்றில் மேலேயே உறைந்துவிடும். அந்தக் கசிவைத் தேடித்தான் அவர் டோக்கியோவுக்குத் திரும்பினார். ஆகவே நியூயோர்க் கலைக்கூடங்கள் கொண்டாடிய காலத்திலும் (பெட்டி பார்சன்ஸ் கலைக்கூடம் 1965 முதல் பலமுறை அவரைக் காட்சிப்படுத்தியது) அவரது ஓவியம் ஜப்பானின் மழைக்காலத்தில்தான் உருவானது.

கண்காட்சியில் ஒரே சுவரில் எத்தனை கறுப்பு! வெந்த கறுப்பு, நீலம் கலந்த மாதிரியான கறுப்பு, கழுவிவிட்ட சாம்பல். சும்மா சொல்லக் கூடாது, வண்ணமே இல்லாத அறையில் நின்றுகொண்டு கண் கூசியது எனக்கு இதுதான் முதல் தடவை.

ஆனால் என்னை அதிகம் நிற்கவைத்தவை பெரிய ஓவியங்கள் அல்ல, கல்லச்சுப் பிரதிகள். 1960இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அவர் கல்லச்சு செய்தார். அச்சில் மை கசியாது. ஷினோடாவின் பலம் என்று எல்லோரும் சொல்கிற ஈரமும் தற்செயலும் அங்கே இல்லை. கோடு தன் எலும்போடு நிற்க வேண்டும். நிற்கிறது. மையின் அழகை எடுத்துவிட்டாலும் இந்தக் கைக்கு ஒரு கணக்கு இருக்கிறது, எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கை இது என்பதை அச்சுப் பிரதிகளே நிரூபிக்கின்றன. அச்சான பிறகு ஒவ்வொரு பிரதியிலும் கையால் ஒரு தீற்றலைச் சேர்ப்பதும் அவர் வழக்கம். அதனால் ஒரு பிரதிபோல் இன்னொன்று இருக்காது.

வெள்ளியின் பளபளப்பு

குறைகளையும் சொல்ல வேண்டும். நூறைத் தாண்டி வாழ்ந்தவர், கடைசிவரை தூரிகை பிடித்தவர் என்பதால் ஷினோடாவைப் பற்றி ஜப்பானில் எழுதப்படுவதில் பாதி அவரது வயதைப் பற்றியது. 2015இல் வெளிவந்த, 103 வயதில் தான் அறிந்துகொண்டதைச் சொல்லும் அவரது கட்டுரை நூல் பெரிய விற்பனை கண்டது. ஓவியத்தைப் பார்க்காமலே அந்த நூலால் அவரை நேசிப்பவர்கள் ஏராளம். நீண்ட ஆயுள் அல்லாஹ் கொடுத்த நிஃமத். அது ஒரு கோட்டை நல்ல கோடாக்காது.

அடுத்தது, வெள்ளி ரேக்கும் தங்க ரேக்கும் ஒட்டிய பின்னணியில் வரைந்த பெரிய ஓவியங்கள். ஜப்பானிய மடக்குத் திரைகளில் தங்கப் பின்னணி பழைய மரபு என்பது உண்மை. ஆயினும் வெறும் தாளில் அந்தரத்தில் நிற்கிற அவரது கோடு, பளபளக்கும் பின்னணியில் வந்ததும் ஆபரணமாகிவிடுகிறது. வெறுமை அங்கே வெறுமையாக இல்லை, விலையாகத் தெரிகிறது. ஒன்றைப் பார்த்தால் கண் விரியும். நாலைந்தைத் தொடர்ந்து பார்த்தால் பெரிய கட்டடமொன்றின் வரவேற்பு மண்டபத்தில் நிற்கிற உணர்வு வந்துவிடுகிறது. கட்டடத்துக்காக அவர் செய்தவற்றில் எல்லாமே அப்படி என்று சொல்ல வரவில்லை. டோக்கியோ சோஜோஜி பௌத்த ஆலயத்துக்கு 1974இல் அவர் செய்த சுவரோவியம் 29 மீற்றர் நீளம். அந்த நீளத்துக்கு ஒரு மூச்சைப் பிடித்துக்கொண்டு போவது லேசான காரியமல்ல.

மூன்றாவது, திரும்பத் திரும்ப வருதல். அகலக் கறுப்பு, குறுக்கே மெல்லிய கோடு, மூலையில் சிவப்பு: 1970களில் கண்டெடுத்த இந்த அமைப்பை அவர் பிறகு பெரும்பாலும் விடவே இல்லை. ஒரே திக்ரை ஆயிரம் தடவை சொல்கிறவனைக் குறை சொல்ல முடியுமா என்று நம்மில் ஒருவர் கேட்கலாம். முடியாது, ஆனால் எண்ணிக்கை ஏற ஏற உள்ளம் விழித்திருக்கிறதா, நாவு மட்டும் புரள்கிறதா என்று கேட்கலாம். ஷினோடாவின் சில பிற்கால ஓவியங்களில் கை மட்டும்தான் நினைவு வைத்திருக்கிறது.

பள்ளிவாசலின் சுவர்

ஒபேரா சிட்டியிலிருந்து டோக்கியோ பள்ளிவாசல் நடந்து போகிற தூரம்தான். ரஷ்யாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்த தாத்தாரிய முஸ்லிம்கள் 1938இல் எழுப்பிய பள்ளி அது. பழுதடைந்து 1986இல் இடிக்கப்பட்டு, துருக்கியின் உதவியோடு உஸ்மானியப் பாணியில் மீண்டும் கட்டப்பட்டு 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அஸர் தொழுதுவிட்டுத் தலையை உயர்த்தினால் குவிமாடத்தைச் சுற்றி எழுத்தணி.

ஒரு மணி நேரத்துக்கு முன் ஷினோடாவைப் பார்த்த கண்ணால் அதைப் பார்த்தேன். முதலில் தெரிந்தது ஒற்றுமை. இரண்டுமே புகைக்கரி. இஸ்தான்புல் சுலைமானியா பள்ளியின் விளக்குப் புகையைச் சேர்த்து மை செய்தார்கள் என்று சொல்வார்கள். அங்கே பசை, இங்கே வேலம்பிசின். பிறகு தெரிந்தது வேற்றுமை. தூரிகைக்கு நிலையான அகலம் இல்லை. அழுத்தினால் விரியும், தூக்கினால் மெலியும். நாணல் கலத்தின் நுனி வெட்டிய அகலம் மாறாது. அந்த நுனி போடும் புள்ளிதான் அளவுகோல். பக்தாதில் வஸீராக இருந்து 940இல் இறந்த இப்னு முக்லா, அலிஃபின் உயரத்தையும் மற்ற எழுத்துகளின் வளைவையும் அந்தப் புள்ளியால் அளக்கும் முறையை வகுத்தார். ஷினோடாவின் கோட்டில் உடம்பின் அந்த நேரத்து நிலை பதிகிறது. கலத்தின் கோட்டில் எழுதுகிறவன் தன்னை அடக்கிக்கொள்கிறான்.

‘உருவம் இல்லாத ஓவியம், ஆகவே இது நம்முடையது’ என்று சிலர் அரூப ஓவியத்தைச் சுலபமாக அணைத்துக்கொள்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உருவம் இல்லை என்பதால் மட்டும் ஒன்று இஸ்லாமியக் கலையாகிவிடாது. ஷினோடாவின் விடுதலையை அப்படியே எடுத்து இறைவசனத்தின் எழுத்தில் காட்டவும் முடியாது. ஆற்றுக்குப் பத்துக் கோடு போடலாம். வசனத்தில் ஒரு புள்ளியைக் கூட்டினால் சொல் மாறிவிடும். அது அமானத்தாக நம் கையில் தரப்பட்டது.

அதற்காக எழுத்து என்றாலே கைகட்டி நிற்க வேண்டும் என்பதும் இல்லை. ஷினோடா எழுத்தை உடைத்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில் அரபுலகிலும் ஓவியர்கள் அதைச் செய்தார்கள். சூடானின் இப்ராஹீம் அல் ஸலாஹி, தந்தை நடத்திய குர்ஆன் பள்ளியில் பலகையில் எழுதிப் பழகியவர். லண்டனில் ஓவியம் படித்துவிட்டுக் கார்ட்டூமுக்குத் திரும்பி வைத்த கண்காட்சியை ஊர் மக்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டு நாட்டைச் சுற்றியவர், தன் மக்களுக்குப் பழக்கமான அரபு எழுத்தைத் தன் படத்துக்குள் கொண்டுவந்தார், பிறகு அந்த எழுத்தை உடைத்துப் பார்த்தார். ஷினோடா பழக்கமான எழுத்திலிருந்து வெளியே போனார். ஸலாஹி பழக்கமான எழுத்தைத் தேடி உள்ளே வந்தார். இருவரும் சந்திக்கிற இடம் உடைந்த எழுத்து. எதிர்த்திசையில் இன்னொரு பயணமும் உண்டு. ஜப்பானியரான புஆத் கோய்ச்சி ஹோண்டா, 1970களில் சவூதியில் வேலை செய்தபோது பாலைவன மணலின் வளைவுகளில் மனம் பறிகொடுத்து, அரபு எழுத்தணியைக் கற்று, இஸ்லாத்தையும் ஏற்று, துருக்கிய ஆசான் ஹஸன் செலபியிடம் 2000இல் இஜாஸா பெற்றவர். வேர் இல்லை என்று ஒதுக்கப்பட்டவரின் நாட்டிலிருந்து ஒருவர் இன்னொரு மரபின் வேரைத் தேடிப் போய்ப் பெற்றுக்கொண்டார்.

மூவருக்கும் பொதுவானது ஒன்றுதான். விதியைக் கையில் ஏற்றிய பிறகே விதியைப் பற்றிப் பேசினார்கள். ஷினோடா நாற்பது வயதைத் தொடும்வரை தூரிகையால் எழுத்து எழுதியவர். மூன்று கோட்டை ஆயிரம் தடவை ஒழுங்காக இழுத்தவருக்குத்தான் நாலாவது கோட்டைக் கேட்க உரிமை வருகிறது.

நம் பக்கம் திரும்பினால் வெட்கமாக இருக்கிறது. நம் வீடுகளில் எழுத்தணி இல்லாத சுவர் குறைவு. ஆனால் அதில் பெரும்பகுதி கடையில் வாங்கிய பொன்னிறச் சட்டகம். வெல்வெட் துணியில் மினுங்கும் ஆயத்துல் குர்ஸி. அதை எழுதிய கை எது, அது நஸ்கா துலுதா என்று கேட்பாரில்லை. மாட்டிய நாளுக்குப் பிறகு அதை யாரும் பார்ப்பதும் இல்லை. ஷினோடாவின் வெள்ளி ரேக்கைப் பற்றி நான் சொன்ன குறை நம் சுவருக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். அவருக்கு அது ஓர் ஆசை, நமக்கு அதுவே முழுச் சரக்கு.

தொழுகை முடிந்து வெளியே வந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது நண்பர் குவிமாடத்தைக் காட்டி, “இதுல என்ன எழுதியிருக்கு எண்டு ஒனக்கு வாசிக்கத் தெரியுமா?” என்று கேட்டார். சில சொற்களை வாசித்தேன். பின்னிப் பிணைந்து கிடந்த மிச்சத்தை வாசிக்க முடியவில்லை. நாற்பது வருடமாக ஓதுகிற எழுத்து அது. அவர் சிரிக்கவில்லை. “அப்ப அந்தக் கிழவிட படத்தையும் இன்னொருக்காப் போய்ப் பார்க்கலாம் போல” என்றார்.

கண்காட்சி அந்த ஜூனோடு முடிந்துவிட்டது. ஷினோடாவின் ஓவியங்கள் கிஃபு மாகாணத்தின் செகி நகரிலுள்ள நவீன கலை நூதனசாலையில் பெருமளவில் இருக்கின்றன. நியூயோர்க்கிலும் லண்டனிலும் சில உண்டு. தொழிலுக்கும் படிப்புக்குமாக ஜப்பான் போகிற நம் பிள்ளைகள் இப்போது குறைவில்லை. அரபு எழுத்தணியில் கை வைத்திருக்கிற பிள்ளை யாராவது அங்கே இருந்தால், ஒரு விடுமுறை நாளை இதற்கு ஒதுக்கலாம். போகும்போது கலத்தையும் கொண்டு போய், திரும்பி வந்த இரவே ஓர் அலிஃபை எழுதிப் பார்ப்பது நல்லது.